வெற்றியைக் கணிக்க முடியுமா?

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம். விக்கிரமசிங்கபுரம் கடைத்தெருவின் தேநீர்க் கடைகளில் எல்லாம் ஒரே பேச்சு. தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட்டின் இறுதியாட்டத்திற்கு நெல்லை ராயல் கிங்ஸ் அணி வந்துவிட்டது! ஆட்டம் நடப்பதும் நம் மாவட்டத்திலேயே, சங்கர் நகர் மைதானத்தில். "சொந்த மண்ணு சார்! நெல்லைதான் ஜெயிக்கும், எழுதி வச்சுக்கோங்க" என்றான் என் மாணவன் ஒருவன். நானும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 12 அன்று லைகா கோவை கிங்ஸ் அணி 104 ஓட்ட வித்தியாசத்தில் வென்று கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் அதே கடையில் பேச்சு திசை மாறியது. "டீமே சரியில்ல. பாதிப் பேரை மாத்தணும்" என்றார் பெரியவர் ஒருவர்.

மாணவர்களே! முதல் நாள் சொன்னது கணிப்பு. மறுநாள் சொன்னது தீர்ப்பு. இரண்டும் எந்த அளவுக்குச் சரி? ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும்

இந்தப் போட்டியில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஆடிய பிறகு, முதல் நான்கு இடங்களில் உள்ள அணிகள் 'பிளே-ஆஃப்' எனும் முடிவுச் சுற்றுக்கு வருகின்றன. முதல் இரண்டு அணிகள் தமக்குள் ஆடுகின்றன. வென்ற அணி நேரே இறுதியாட்டத்திற்குப் போகிறது. தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் அணிகள் தமக்குள் ஆடுகின்றன. இங்கே தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வென்றால், முன்பு சொன்ன தோற்ற அணியோடு மோதி, அதிலும் வென்று இறுதியாட்டத்தை அடைய வேண்டும். ஐ.பி.எல். போட்டியிலும் 2011 முதல் இதே முறைதான். ஆஸ்திரேலியாவின் கால்பந்துக் கழகங்கள் 1931-லேயே இம்முறையைக் கையாண்டன.

நான்கு அணிகளும் சமபலம் உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல. வெல்லும் நிகழ்தகவு 1/2. மூன்றாம் இடத்து அணி கோப்பையை வெல்ல மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். அதன் நிகழ்தகவு 1/2 × 1/2 × 1/2 = 1/8.

இரண்டாம் இடத்து அணிக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் ஆட்டத்தையும் இறுதியாட்டத்தையும் வெல்லலாம், இது 1/4. அல்லது முதல் ஆட்டத்தில் தோற்று, அடுத்த இரண்டையும் வெல்லலாம், இது 1/8. கூட்டினால் 3/8.

கவனித்தீர்களா? பட்டியலில் இரண்டாம் இடத்திற்கும் மூன்றாம் இடத்திற்கும் ஒரே படிதான் வித்தியாசம். கோப்பை வாய்ப்பிலோ மூன்று மடங்கு வித்தியாசம்! 2023-ல் நெல்லை அணி மூன்றாம் இடத்திலிருந்து வந்தது. இறுதியாட்டம் வரை வருவதற்கே அதற்கு இருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. அதைச் சாதித்த அணியைத்தான் நம் பெரியவர் பாதியாகக் கலைக்கச் சொன்னார்.

ஓர் அலைவு போதுமா?

தனி ஊசலின் அலைவு நேரத்தை ஆய்வுக்கூடத்தில் எப்படி அளக்கிறோம்? ஒரே ஓர் அலைவை அளந்துவிட்டு விடை எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா? இருபது அலைவுகளை எண்ணச் சொல்வார். அதையும் திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுக்கச் சொல்வார். ஒற்றை அளவீட்டில் தற்செயல் பிழை மிகுதி என்பதே காரணம்.

ஒரு போட்டியும் ஓர் அளவிடும் கருவிதான். எந்த அணி வலியது என்பதை அது அளக்க முயல்கிறது. ஒரே ஆட்டத்தில் முடிவு செய்வது, ஒரே அலைவை அளப்பது போன்றது. அப்படியானால் ஆட்டங்களைக் கூட்டினால் பிழை குறையுமல்லவா? குறையும். ஆனால் எவ்வளவு குறையும்?

இதற்கு விடை தேட, ஏழு ஆட்டங்களில் வெற்றியை முடிவு செய்யும் ஒரு விளையாட்டைப் பார்ப்போம். கோவில்பட்டியில் ஹாக்கி பார்த்திருப்பீர்கள். அதன் உறவினர் என்று சொல்லத்தக்க பனி ஹாக்கி, கனடாவிலும் அமெரிக்காவிலும் புகழ் பெற்றது. தளம் பனிக்கட்டி; காலில் சறுக்குக் காலணி; பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அங்குள்ள தேசிய ஹாக்கி லீக்கில் முடிவுச் சுற்றுக்கு 16 அணிகள் வருகின்றன. இரண்டு அணிகள் மோதினால், முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணியே அடுத்த கட்டத்திற்குச் செல்லும். இப்படி நான்கு கட்டங்களைக் கடந்தால்தான் ஸ்டான்லி கோப்பை.

இரண்டு அணிகளில் வலிய அணிக்கு ஓர் ஆட்டத்தை வெல்லும் நிகழ்தகவு 0.6 என்று கொள்வோம். மூன்றில் இரண்டை வெல்ல வேண்டுமானால்? முதல் இரண்டையும் வெல்வது 0.36. ஒன்றை வென்று, ஒன்றில் தோற்று, மூன்றாவதை வெல்வது 0.144. முதலில் தோற்று, அடுத்த இரண்டையும் வெல்வது 0.144. மொத்தம் 0.648. இதேபோல ஐந்தில் மூன்றை வெல்வது சுமார் 0.68, ஏழில் நான்கை வெல்வது சுமார் 0.71.

ஏழு ஆட்டம் ஆடியும் 60 சதவீதம் 71 சதவீதமாகத்தான் உயர்ந்தது! நூறு தொடர்கள் நடந்தால் 29-ல் எளிய அணியே வெல்லும். நான்கு கட்டங்களிலும் இதே வலிமையோடு ஆடும் அணி கோப்பையை வெல்லும் வாய்ப்பு 0.71 × 0.71 × 0.71 × 0.71, அதாவது சுமார் 0.25. எல்லாரையும்விட வலிய அணிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான்.

இது தாளில் போட்ட கணக்கு மட்டுமன்று. 2022-23 பருவத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் அணி 82 ஆட்டங்களில் 65-ஐ வென்றது. அந்த லீக்கின் வரலாற்றில் ஒரு பருவத்தில் வேறெந்த அணியும் அத்தனை ஆட்டங்களை வென்றதில்லை. முதல் கட்டத்திலேயே புளோரிடா பாந்தர்ஸ் அணியிடம் 3-1 என்று முன்னிலை பெற்றிருந்து, பிறகு 3-4 என்று தோற்றது!

கலைப்பதா, காத்திருப்பதா?

அணியை நிர்வகிப்பவர்களுக்கு இங்கேதான் சோதனை. 2019-ல் டாம்பா பே லைட்னிங் அணி 62 ஆட்டங்களை வென்றுவிட்டு வந்து, முதல் கட்டத்தில் கொலம்பஸ் அணியிடம் 0-4 என்று தோற்றது. பயிற்சியாளர் ஜான் கூப்பரை நீக்கியிருக்கலாம், வீரர்களைக் கலைத்திருக்கலாம். நிர்வாகமோ பயிற்சியாளரையும் முக்கிய வீரர்களையும் வைத்துக்கொண்டு, சிலரை மட்டும் புதிதாகச் சேர்த்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கோப்பை அவர்களுடையதே. 82 அளவீடுகள் சொன்னதை, நான்கு அளவீடுகளுக்காக அவர்கள் தூக்கி எறியவில்லை.

நம் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியையே பாருங்கள். 2020-ல் 14 ஆட்டங்களில் 6 வெற்றி; எட்டு அணிகளில் ஏழாம் இடம். முதன்முறையாக முடிவுச் சுற்றைத் தவறவிட்டது. நாணயத்தை 14 முறை சுண்டினால் ஆறோ அதற்குக் குறைவாகவோ தலை விழும் வாய்ப்பு 100-க்குச் சுமார் 40. எனவே இது வெறும் தற்செயலாலும் நேரக்கூடியதே. நிர்வாகம் தோனியையே தலைவராக வைத்து, பெரும்பாலும் அதே வீரர்களோடு ஆடியது. 2021-ல் கோப்பையை வென்றது.

ஆனால் பொறுமை மட்டுமே எப்போதும் மருந்தாகிவிடாது. 2025-ல் அதே அணி 14-ல் 4 மட்டுமே வென்று, பத்து அணிகளில் கடைசி இடத்தைப் பெற்றது. நாணயத்தில் நான்கோ அதற்குக் குறைவாகவோ தலை விழும் வாய்ப்பு 100-க்கு 9 தான். அந்த முடிவை வெறும் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். 2025 நவம்பரில் அணி நெடுங்கால வீரர் ஜடேஜாவை ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது.

நாணயக் கணக்கு எதையும் நிரூபித்துவிடுவதில்லை. விளையாட்டு வீரர்கள் நாணயங்களும் அல்லர். எந்த அளவீட்டிற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை மட்டும் அது நமக்குச் சொல்லித் தருகிறது. ஒரு மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் கலங்க வேண்டாம். ஆண்டு முழுவதும் குறைந்துகொண்டே வந்தால் சும்மா இருக்கவும் வேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த பருவத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் முன்னால், "இந்த அணி வெல்லும்" என்று மட்டும் எழுதாமல், "வெல்லும் வாய்ப்பு 70 சதவீதம்" என்று எண்ணோடு எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் முடிவைக் குறியுங்கள். பருவ இறுதியில், 70 சதவீதம் என்று எழுதிய ஆட்டங்களை மட்டும் தனியே எண்ணுங்கள். பத்துக்கு ஏழு அளவில் பலித்திருந்தால் நீங்கள் நல்ல கணிப்பாளர். பத்தும் பலித்திருந்தால்? உங்கள் எண் மிகக் குறைவாக இருந்ததோ, அல்லது அதிர்ஷ்டம் கைகொடுத்ததோ என்று யோசிக்க வேண்டும்!

"நெல்லைதான் ஜெயிக்கும்" என்று சொன்ன மாணவனிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு அவன் சொன்னான்: "அப்ப அடுத்த வருஷம் ஐம்பத்தைந்து சதவீதம்னு எழுதிக்கோங்க சார்!"