2147483647: ஆய்லர் நிரூபித்த பகா எண்

2இன் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 2147483647. வாய்விட்டுச் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது ஒரு பகா எண்.

2இன் அடுக்கில் ஒன்று குறைந்து வருபவை மெர்சென் எண்கள். 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென்னின் பெயரால் அப்படி அழைக்கப்படுகின்றன. அடுக்கு பகு எண்ணானால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது: 11ஆம் அடுக்கு தரும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கினால் வந்துவிடும். 1644இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 31ஆம் அடுக்கு இருந்தது, நிரூபணம் இல்லை. அதே பட்டியலின் 67, 257 இரண்டும் பின்னாளில் பொய்த்தன.

31ஐ நிரூபித்துக் காட்டியவர் லியோனார்ட் ஆய்லர். ஆண்டு 1772, அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்று இருந்தே தீர வேண்டும். இங்கே அந்த எல்லை 46,340. அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது வீண் உழைப்பு. இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 63 ஆகவோதான் இருக்க முடியும் என்பது ஆய்லர் கண்ட வழி. இந்தச் சல்லடையில் முதலில் தங்கும் பகா எண் 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. இப்படி நூறு எண்களைக்கூடச் சோதிக்க வேண்டியதில்லை, வேலை முடிந்துவிடும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

இதை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 19 இலக்கமுள்ள எட்டாவது செவ்விய எண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் அது. இதைவிடப் பெரிய செவ்விய எண்ணைத் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று 1811இல் பீட்டர் பார்லோ எழுதினார். மெனக்கெட்டார்கள். 2024இல் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள்.

கணிப்பொறிக்காரர்களுக்கு 2147483647 வேறு வகையில் பழக்கம். இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள்; குறிக்கு ஒரு பிட் போக, 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இந்த அளவில் எண்ணும் பழைய நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8.44.07க்கு எல்லையைத் தொடும். இதில் பகா எண் என்ற தகுதிக்கு வேலை ஏதுமில்லை. பகு எண்ணாக இருந்தாலும் சிக்கல் இதேதான்.

சமவாய்ப்பு எண்களை உருவாக்கும்போதுதான் அந்தத் தகுதி உதவுகிறது. ஓர் எண்ணை 16807ஆல், அதாவது 7இன் ஐந்தாம் அடுக்கால், பெருக்கி 2147483647ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை மீண்டும் அப்படியே பெருக்க வேண்டும். 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாக ஓடும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதாலும் 16807 பொருத்தமாகத் தேர்ந்த பெருக்கி என்பதாலும், 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை தலைகாட்டிய பிறகே 1 திரும்ப வரும். 1988இல் பார்க், மில்லர் இருவரும் இந்த முறையைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். ரகசியக் குறியீட்டுக்கு மட்டும் இது ஆகாது: ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.