சுண்டெலியின் குருதியில் மனித எதிர்ப்பொருள்

நலமுள்ள உடல் தன் சொந்தப் புரதங்களைத் தாக்குவதில்லை. தாக்கத் தொடங்கினால் அதுவே நோய். நம்மைக் காக்கும் இவ்வொழுங்கே மருத்துவ ஆய்வாளரின் வழியை மறித்து நின்றது. புற்றணுவின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஏற்பியையோ, மூட்டை அரிக்கும் அழற்சிப் புரதத்தையோ அடக்குவதற்கு எதிர்ப்பொருள் வேண்டும். அவை நமக்கே உரியவை ஆதலால், மனித உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள் ஆக்குவது அரிது. சுண்டெலிக்கோ அவை அயற்பொருள்கள். ஊசிவழி ஏற்றிய சில கிழமைகளில் அதன் மண்ணீரல் வேண்டிய எதிர்ப்பொருளை ஆக்கிவிடும்.

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் அத்தகைய மண்ணீரல் அணுவை ஓயாது பெருகும் புற்றணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு சுரக்கச் செய்தனர். 1984-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. மருந்துக்கான வழி அத்துணை எளிதாகத் திறக்கவில்லை. பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காதிருக்க அமெரிக்காவில் 1986-இல் ஒப்புதல் பெற்ற மியூரோமோனாப் முழுக்கச் சுண்டெலிப் புரதம். நோயாளியர் பலரின் உடல் அம்மருந்தையே அயலென்று கண்டு, அதற்கு எதிர்ப்பொருள் ஆக்கியது. மறுமுறை செலுத்துகையில் மருந்தின் வலு குன்றியது. சுண்டெலிப் பகுதிகளை நீக்கி மனிதப் பகுதிகளைப் பொருத்தும் நுட்பங்கள் அதே காலத்தில் உருவாயின. பயனுள்ளவைதான்; ஆயினும் ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் அத்திருத்தத்தைப் புதிதாகச் செய்யவேண்டும். விளைபொருளை விட்டு, விளைவிக்கும் விலங்கையே திருத்திவிடலாமே என்ற துணிவு 1980-களின் நடுவில் பிறந்தது.

அத்துணிவுக்கு அடித்தளம் இட்டவர் சுசுமு டோனெகாவா. எதிர்ப்பொருளுக்கு ஒன்றாக மரபணுக்கள் நம்மிடம் இல்லை என்பதை அவர் காட்டினார். துண்டுகளே வரிசையாகக் கிடக்கின்றன. எதிர்ப்பொருளை ஆக்கும் பி அணு ஒவ்வொன்றும் முதிர்கையில் வகைக்கு ஒரு துண்டைத் தெரிந்தெடுத்து, இடைப்பட்டவற்றை வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒட்டிக்கொள்கிறது. சில நூறு துண்டுகளிலிருந்து கோடிக்கணக்கான எதிர்ப்பொருள்கள் எழுவது இவ்வாறே. மனிதரில் எதிர்ப்பொருளின் பெரிய கூறான கனச் சங்கிலிக்கான துண்டுகள் 14-ஆம் நிறப்புரியில் ஏறத்தாழப் பத்து இலட்சம் கார இணைகள் நீளத்துக்குப் பரந்துள்ளன. அன்றைய கருவிகளால் அவ்வளவு பெரிய டி.என்.ஏ.வைத் தூக்கிச் செல்ல இயலாது.

ஆகவே முதல் முயற்சி சிறிதாகவே அமைந்தது. 1989-இல் மரியான் பிரூக்கெமன் குழுவினர் கனச் சங்கிலித் துண்டுகள் சிலவற்றை மட்டும் சுண்டெலிக் கருவினுள் புகுத்தினர். சுண்டெலியின் நொதிகள் அம்மனிதத் துண்டுகளைத் தம்முடையவைபோலவே வெட்டி ஒட்டின. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கிளை பிரிந்த இரண்டு உயிரினங்களில் வெட்டுக் குறிகள் இன்னும் ஒத்திருந்தன! இதில் நான் காணும் வியப்பு, பின்னர் வந்த மருந்துகள் எவற்றிலும் காணாதது.

ஆனால் புகுத்துவது மட்டும் போதாது. தன் மரபணுக்கள் இருக்கும்வரை சுண்டெலி தன் எதிர்ப்பொருளையே மிகுதியாக ஆக்கும். எனவே அவற்றை முடக்கிய சுண்டெலிகளையும் மனிதத் துண்டுகள் ஏந்திய சுண்டெலிகளையும் இனக்கலப்புச் செய்தனர். கலிஃபோர்னியாவின் இரண்டு நிறுவனங்களைச் சேர்ந்த குழுக்கள், நில்ஸ் லான்பெர்க் குழுவும் லாரி கிரீன் குழுவும், 1994-இல் இதனைத் தனித்தனியே நிறைவேற்றின. 1997-இல் கிரீன் குழுவினர் ஈஸ்ட் செயற்கை நிறப்புரிகளில் ஏற்றி, கனச் சங்கிலித் துண்டுகளின் பெரும்பகுதியையே உள்ளே கொண்டுசென்றனர்.

அச்சுண்டெலிகள் பயன் தந்தன. எனினும் பலவற்றில் பி அணுக்கள் குறைந்தே இருந்தன. எதிர்ப்பொருளின் மாறாப் பகுதியில்தான் குறை என்று கருதினர். அப்பகுதி பி அணுவின் பிற புரதங்களோடு கைகோத்து, முதிர்ச்சிக்கும் தேர்வுக்கும் உரிய குறிப்புகளை உள்ளே அனுப்புவது. மனித மாறாப் பகுதிக்குச் சுண்டெலிப் புரதங்களோடு அந்த இசைவு குறைவு. ரீஜெனரான் நிறுவன ஆய்வர் கண்ட தீர்வு, மனிதக்கூறைக் கூட்டுவதன்று, குறைப்பது. இலக்கைப் பற்றும் மாறுபடும் பகுதிகளை மட்டும் அவற்றுக்குரிய இடத்திலேயே மனிதத் துண்டுகளால் மாற்றி, மாறாப் பகுதியைச் சுண்டெலிக்கே விட்டுவிட்டனர். சிறந்த எதிர்ப்பொருளைத் தெரிந்தெடுத்தபின், மனித மாறாப் பகுதியை ஆய்வுக்கூடத்தில் இணைத்துக்கொள்ளலாம். அடக்கத்தால் விளைந்த இத்தீர்வே இத்துறையின் மிகச் சிறந்த சிந்தனை என்பேன்.

அதிலும் ஓர் இடறல் நேர்ந்தது. நீக்கிய சுண்டெலிப் பகுதியினுள் ஆடம்-6 என்ற இரு மரபணுக்கள் ஒதுங்கியிருந்தன. எதிர்ப்பொருளோடு அவற்றுக்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. விந்தணுவின் செயலுக்கு வேண்டியவை. அவை போனதும் ஆண் சுண்டெலிகள் மலடாயின. மீண்டும் சேர்த்த பின்னரே வழித்தோன்றல்கள் தழைத்தன.

மனிதத் துண்டுகள் ஏந்திய சுண்டெலிகளிடமிருந்து வந்து முதன்முதலாக ஒப்புதல் பெற்றது பெருங்குடற் புற்றுக்குரிய பானிட்டுமுமாப், 2006-இல். நோயெதிர்ப்பு அணுக்களின் தடையை அகற்றிப் புற்றுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய இபிலிமுமாப் (2011), நிவோலுமாப் (2014) இரண்டும் லான்பெர்க் வழிச் சுண்டெலிகளின் கொடை. அத்தடைகளை ஆராய்ந்த ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றபோது, இச்சுண்டெலிகளைப் பற்றிப் பேசியவர் குறைவு. எபோலாவுக்கு 2020-இல் ஒப்புதல் பெற்ற மூன்று எதிர்ப்பொருள்களின் கலவை ரீஜெனரான் சுண்டெலிகளிடமிருந்து வந்தது.

முழு மனித எதிர்ப்பொருள் என்றாலும் எதிர்வினை அறவே நீங்குவதில்லை. பற்றும் முனை ஒவ்வொன்றும் தனித்த வடிவினது. நோயாளியின் உடலுக்கு அது முன்பின் அறியாததாக இருக்கலாம். இன்னொரு தடை, தொடக்கத்தில் கண்ட ஒழுங்கு சுண்டெலிக்கும் உரியது என்பது. மனிதப் புரதம் சுண்டெலிப் புரதத்தைப் பெரிதும் ஒத்திருந்தால், அதுவும் வாளா இருந்துவிடும். அவ்வேளையில் சுண்டெலியின் சொந்தப் புரதத்துக்குரிய மரபணுவை முன்னரே நீக்கி வளர்ப்பர். அப்போது மனிதப் புரதம் அதற்கு அயலாகிறது. அப்புரதமின்றிக் கருவே பிழைக்காது எனில் இவ்வழியும் அடைபடும்; ஆய்வாளர் பாக்டீரியத் தாக்கு நச்சுயிரிகளின் மேற்பரப்பில் மனித எதிர்ப்பொருள் துண்டுகளை வெளிக்காட்டித் தேடும் வேறொரு முறைக்குத் திரும்புவர்.