கடை வாசல் பனியும் கைவிரல்களும்

ரொறன்ரோவில் கடை நடத்தும் எம் வணிகர்களுக்கு மாரிகாலத்தில் முதல் வேலை வாசல் பனியை அகற்றுவதுதான். தள்ளிச் செல்லும் பனி வீசும் இயந்திரம் இதற்குக் கைகொடுக்கும். கவனம் தப்பினால் கையையே எடுத்துவிடும்.

ஈரப்பனி வீசுகுழாயை அடைக்கும்போதுதான் ஆபத்து. வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று கையை விடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, அலகுகள் முற்றாக நின்றபின் தடியால் கிண்டுங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும், இறுகிய அலகு அடைப்பு விலகியதும் சட்டெனச் சுழலக்கூடும்.

கல்லில் மோதினால் முறிவதற்கென்றே சுருள் அலகில் மென்மையான ஆணி உண்டு. அதற்குப் பதிலாகச் சாதாரண போல்ட்டைப் போட்டுச் சில்லறை மிச்சம் பிடித்தால், அடுத்த முறை பற்சக்கரப் பெட்டியே உடையும்.

சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றாதீர்கள். குளிருக்குப் பயந்து களஞ்சிய அறைக்குள் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.