இயற்பியல் பட்டப் படிப்பு: பாட வரிசையும் சிறப்புத் துறையும்

பல்கலைக் கழகத்தில் இயற்பியல் கற்க இடம் பெற்ற மாணவனுடைய கைக்கு முதலில் வந்து சேர்வது பாடத்திட்டக் கையேடு. அதனைத் திறந்தவுடன் அவன் கண் தேடிச் செல்வது சிறப்புத் துறைகளின் பெயர்களை. வானியற்பியல், அணுக்கரு இயற்பியல், திண்மப் பொருள் இயற்பியல், மருத்துவ இயற்பியல், உயிர் இயற்பியல் என்று கவர்ச்சி மிக்க பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. வீட்டிலும் உறவினர் நடுவிலும் கேட்கப்படும் முதற் கேள்வியும் அதுவே: "எதில் சிறப்புப் பாடம் எடுக்கப் போகிறாய், தம்பி?"

ஆனால் அதே கையேட்டின் பின்பக்கங்களில், ஒவ்வொரு பாடத்தின் கீழும், சிறிய எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். இப்பாடத்தில் சேருமுன் இன்னின்ன பாடங்களை முடித்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வரி. முன்தேவைப் பாடங்களைக் கூறும் இச்சிறு வரியைப் படியாது விட்டவர்கள் இழப்பது பெரும்பாலும் மதிப்பெண்ணை அன்று, ஓராண்டுக் காலத்தை.

ஓராண்டு எவ்வாறு கைநழுவுகிறது என்பதைச் சற்று விளக்கிக் கூறுதல் வேண்டும். மேல்வகுப்புப் பாடங்கள் பல, ஆண்டிற்கு ஒரு முறையே நடத்தப்படுகின்றன. முதற்பருவத்தில் எடுக்க வேண்டிய கணிதப் பாடத்தை, "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று ஒருவன் தள்ளிப் போடுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அதனை அடிப்படையாகக் கொண்ட அடுத்த பாடம் தொடங்கும்போது அவனுக்கு அங்கே இடமில்லை. அப்பாடம் மறுபடியும் வரப் பன்னிரண்டு மாதங்கள் ஆகின்றன. அதன்பின் வரும் பாடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகின்றன. உதவிச் சம்பளமும் கல்விக் கடனும் பொதுவாகக் குறித்த ஆண்டுகளுக்கே கிடைப்பவை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகும் பிள்ளைக்கு இந்த ஓராண்டுச் செலவு எத்தகைய சுமை என்பதை இப்பகுதியைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இயற்பியலில் இவ்வரிசை ஏன் இத்துணைக் கடுமையாக இருக்கிறது? வரலாறு கற்பவன் சோழரை முதலில் படித்துப் பின்னர்ப் பல்லவரைப் படித்தாலும் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. இயற்பியல் அவ்வாறன்று; இலக்கணத்தைப் போன்றது. தொல்காப்பியம் எழுத்தில் தொடங்கிச் சொல்லுக்கு ஏறி, அதன் பிறகே பொருளுக்குச் செல்கிறது. எழுத்தறியாதவனுக்குப் பொருளதிகாரத்தைக் கற்பிக்க இயலாது. முற்காலத்தில் பௌதிகம் என வழங்கிய இவ்வியலில் எழுத்தின் இடத்தில் நிற்பது கணிதம்.

உலகின் பல்கலைக் கழகங்கள் அனைத்தும் ஒரே திட்டத்தைக் கைக்கொள்வதில்லையாயினும், நடுவில் ஓடும் தண்டு ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்காவிலுள்ள மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு இயற்பியல் பட்டத்திற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, ஆராய்ச்சிக்குச் செல்ல எண்ணுவோர்க்குரிய செறிவு வழி. மற்றொன்று, ஆசிரியப் பணி, மருத்துவம், கணினி, சட்டம், வாணிபம் போன்றவற்றிற்குச் செல்லக் கூடியவர்க்கு ஏற்ற நெகிழ்வு வழி. முன்னதில் குவாண்டம் இயற்பியல் மூன்று பகுதிகளாக வருகிறது. சோதனைச் சாலைப் பாடம் இரண்டு. இறுதியில் ஓர் ஆய்வேடு. பின்னதில் இவற்றிற் சில குறைந்து, மாணவன் விரும்பும் ஏதேனும் ஒரு துறையில், ஒன்றோடொன்று பொருந்திய மூன்று பாடங்கள் கொண்ட தொகுதி இடம் பெறுகிறது. அத்தொகுதி இயற்பியலாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனினும் இயக்கவியல், மின்காந்தவியல், அதிர்வும் அலையும், குவாண்டம் இயற்பியலின் முதற்பகுதி, புள்ளியியல் இயற்பியல், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை இரு வழியினர்க்கும் பொது.

செறிவு வழியின் முதுகெலும்பை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இயக்கவியலுக்குப் பின் மின்காந்தவியல். அதற்குப் பின் அதிர்வும் அலையும். அதற்குப் பின் குவாண்டம் மூன்று பகுதிகள். ஒன்றை முடித்தே அடுத்ததற்குச் செல்ல வேண்டியவை இவை ஆறு. நான்கு ஆண்டுப் படிப்பில் அரையாண்டுப் பருவங்கள் எட்டு. எனவே, மாணவன் தவறுவதற்கு உள்ள இடைவெளி இரண்டே பருவங்கள்தாம். இதற்கு இணையாகக் கணிதமும் ஓட வேண்டும். முதற்பருவத்தில் ஒரு மாறி நுண்கணிதம், இரண்டாவதில் பல மாறி நுண்கணிதம், மூன்றாவதில் வகைக்கெழுச் சமன்பாடுகள். இவற்றில் எது பின்தங்கினாலும், இயற்பியற் பாடம் வாயிலில் நின்று காத்திருக்கும்.

இவ்வரிசை அலுவலகத்தார் வகுத்த விதியன்று. பொருளின் இயல்பே அவ்வாறு அமைந்தது. அதிர்வும் அலையும் என்ற பாடத்தையே எடுத்துக் கொள்ளலாம். தனியே பார்த்தால் அது கவர்ச்சியற்ற பாடம். ஊசலும் சுருள்வில்லும் தந்தியுமே அதில் வருகின்றன. அணுவைப் பற்றி அறிய வந்த மாணவனுக்கு இஃது எதற்கு என்று தோன்றுதல் இயல்பே.

வீணைத் தந்தி ஒன்று இரு முனையிலும் கட்டப்பட்டிருக்கிறது. அதனை மீட்டினால் எந்த அலையும் அதில் நிலைத்து நிற்க முடியுமா? முடியாது. முனைகள் இரண்டும் அசையா ஆகையால், தந்தியின் நீளத்தில் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் பொருந்த வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பொருந்தலாம். ஒன்றரை என்பதற்கு இடமில்லை. ஆகவே தந்தியின் இயல்பான அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 2, 3 மடங்குகளாகவே அமைகின்றன. இடைப்பட்டவை தாமே ஒழிகின்றன. யாரும் தடை விதிக்கவில்லை. முனைகளைக் கட்டிய கட்டே தடையாகிறது.

1924ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு டி பிராக்லி, எலெக்ட்ரானுக்கும் அலை இயல்பு உண்டு என்று கூறினார். 1926இல் சுரோடிங்கர் அவ்வலைக்குரிய சமன்பாட்டை வகுத்தார். அதன்பின் அணுவின் புதிர் தந்தியின் கதைபோலாயிற்று. அணுக்கருவின் ஈர்ப்பால் கட்டுண்ட எலெக்ட்ரான் அலை, கட்டுண்ட காரணத்தாலேயே, சில நிலைகளில் மட்டும் நிற்க முடியும். ஐதரசன் அணுவில் எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்க வேண்டிய ஆற்றல் முதல் நிலையில் 13.6 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டாம் நிலையில் அதன் நான்கில் ஒரு பங்காகிய 3.4, மூன்றாம் நிலையில் ஒன்பதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.5. இடையில் வேறு நிலை இல்லை. தந்தியின் கணக்கை மூன்றாம் பருவத்தில் கையாற் போட்டுப் பழகியவனுக்கு, நான்காம் பருவத்தில் இது புதிய கருத்தாக வருமேயன்றிப் புதிய கணக்காக வராது. பழகாதவனுக்கோ கருத்தும் கணக்கும் ஒரே வேளையில் வந்து மோதும். குவாண்டம் கடினம் என்று அஞ்சுவோரிற் பலர் உண்மையில் அஞ்சுவது வகைக்கெழுச் சமன்பாட்டையே.

ஒரே பாடம் இரண்டு மூன்று முறை வருவதைக் கண்டு, அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று சிலர் குறை கூறுவதுண்டு. இயக்கவியல் முதலாண்டிலும் வருகிறது, மேல்வகுப்பிலும் வருகிறது. முதலில் நியூட்டன் வழியில் விசைகளைக் கூட்டிக் கணக்கிடுகின்றனர். பின்னர் லக்ராஞ்சு 1788இல் வெளியிட்ட நூலின் வழியில், விசையை விட்டு ஆற்றலைக் கொண்டு அதே கணக்கைப் போடுகின்றனர். முதல் முறை பாலம் கட்டப் போதும். குவாண்டம் இயலுக்குள் நுழைவதற்கோ இரண்டாம் முறையும் அதிலிருந்து கிளைத்த அமில்ட்டனின் முறையும் வேண்டும். மாவு ஒன்றே, பலகாரம் வேறு.

சோதனைச் சாலைப் பாடம் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு. மசாசூசெட்ஸ் கழகத்தில் சாதாரணப் பாடத்திற்கு 12 அலகு, அதாவது வாரத்திற்கு 12 மணி நேர உழைப்பு. மேல்வகுப்புச் சோதனைப் பாடத்திற்கு 18 அலகு. இதனைக் கடினமான வேறு இரு பாடங்களோடு ஒரே பருவத்தில் சேர்த்துக் கொள்பவன் மூன்றிலும் இடறுவான். ஆயினும் படிப்பு முழுவதும் ஓரிடத்தில் கூடுவது இங்கேதான். வானிலிருந்து பொழியும் அண்டக் கதிர்களால் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மியூவான் என்னும் துகள் உண்டாகிறது. அதன் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. மாணவர்கள் அதனைத் தாமே அளக்கின்றனர். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அவ்வளவு நேரத்தில் சுமார் 660 மீட்டரே செல்லக் கூடும். பத்துக் கிலோமீட்டருக்கும் மேலிருந்து அது தரைக்கு எவ்வாறு வந்தது? வேகமாகச் செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாகக் கழிகிறது என்னும் சார்பியல் விதியே விடை. ஏட்டில் சமன்பாடாகக் கிடந்தது மேசையின்மேல் எண்ணாக வந்து நிற்கும்.

இனிச் சிறப்புத் துறைக்கு வரலாம். வானியற்பியலை விரும்பும் மாணவன் முதலாண்டிலிருந்தே விண்மீன் பாடங்களை நாடுவான். அவனுக்குச் சொல்லத் தக்க வரலாறு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. 1910இல் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்சு வகுப்பிற் பயின்றார். அவருடைய தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர் என்பது தமிழ் வாசகர் அறியத் தக்கது. மகனின் நாட்டம் கணிதத்தில். தந்தையின் விருப்பம் இயற்பியல். அவர் இயற்பியலிற் பதிவு செய்துகொண்டு, கணித விரிவுரைகளுக்கும் சென்று அமர்ந்தார். 1928இல் செர்மானிய அறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, அவருடைய அணு நூலைக் கரைத்துக் குடித்திருந்த இம்மாணவர் அவரைச் சென்று கண்டார். அந்நூலுக்குப் பின் குவாண்டம் இயல் முற்றிலும் மாறிவிட்டது என்று கூறிய சாமர்பெல்டு, தாம் புதிதாக எழுதிய கட்டுரையின் அச்சுப்படியை அவரிடம் கொடுத்தார். அதனைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் கணித வலிமை மாணவரிடம் இருந்தது.

1930இல் கேம்பிரிட்சுக்குக் கப்பலிற் செல்கையில், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்பதை அவர் கணக்கிட்டார். சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படும் அவ்வரம்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1983இல் நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது. அக்கணக்கிற்கு வேண்டியவை சார்பியல், குவாண்டம் புள்ளியியல், விண்மீனின் ஈர்ப்புச் சமநிலை ஆகிய மூன்று. முதலிரண்டும் வானியற் பாடங்கள் அல்ல. மூன்றாவதன் வேரும் இயக்கவியலில் இருக்கிறது.

மற்றத் துறைகளும் இவ்வாறே. பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972 முதல் வளர்ந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் பணி நாடுவோர்க்கு உதவுவது திண்மப் பொருள் இயற்பியல். குறைகடத்தி ஏன் சிறிதளவே மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதற்கு விடை குவாண்டத்திலும் புள்ளியியல் இயற்பியலிலும் இருக்கிறது. மருத்துவ இயற்பியலுக்குக் கதிரியக்கமும் உடலமைப்பும் தெரிதல் வேண்டும். ஆனால் பல நாடுகளில் அது முதற்பட்டத்தோடு முடிவதன்று, முதுநிலைப் பட்டமும் மருத்துவமனைப் பயிற்சியும் கேட்பது. முதற்பட்டத்தில் அதன் பெயர் பொறித்த பாடங்கள் மிகுதியாக இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. கணினி நிரல் எழுதும் பழக்கம் மட்டும் எத்துறையினர்க்கும் தேவை. அதனை முதலாண்டிலேயே தொடங்குவது நன்று.

திட்டமிடும் முறை எளிது. ஒரு தாளும் பென்சிலும் போதும். தாளில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, கடைசிக் கட்டத்தில் விரும்பிய மேற்பாடத்தை எழுதி, அதன் முன்தேவைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நிரப்பிக் கொண்டு வர வேண்டும். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடக்கிறது என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக் கொள்ளல் வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகத்தின் நான்காண்டு ஆனர்சு பட்டத்திற்கு 160 அலகுகள். ஒரு பாடத்திற்குப் பொதுவாக 4 அலகு. ஆக, 40 பாடங்கள், பருவத்திற்கு ஐந்து. இவ்வைந்தில் கடினமானவை மூன்றுக்கு மேற்படாமல் பார்த்துக் கொள்ளலாம். இரண்டு சிறப்புத் துறைகளுக்கிடையே மனம் ஊசலாடினால், இரண்டிற்குமான தாள்களை எழுதி ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் நான்கு பருவங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். முடிவை இரண்டாமாண்டின் இறுதி வரை ஒத்திப் போட்டாலும் நட்டமில்லை என்பது அப்போது தெரியவரும்.

இவ்வாறு பின்னோக்கி எழுதிக் கொண்டே வந்தால், கோடு பல்கலைக் கழகத்தின் முதற்பருவத்தோடு நிற்பதில்லை. முதற்பருவ நுண்கணிதத்திற்கும் ஒரு முன்தேவை உண்டு. மலேசியாவில் அது நான்காம் படிவத்தில் தேர்ந்தெடுக்கப்படும் கூடுதல் கணிதம். நுண்கணிதம் முதன்முதலாகத் தலைகாட்டுவது அப்பாடத்தில்தான். தேர்வில் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சி அதனைக் கைவிடும் பதினாறு வயது மாணவன், தான் இயற்பியற் பட்டத்தைப் பற்றி ஒரு முடிவு செய்துவிட்டதாக அன்று நினைப்பதில்லை. அவனிடம் அதனை எடுத்துச் சொல்லக் கூடியவர்கள் அவனுடைய பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், மூன்றாம் படிவம் முடிந்த விடுமுறையில் அவனைத் தெருவில் காண்பவர்களுமே.