மூன்று கையெழுத்து, இரண்டு கவுன்சில்

அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் ‘ரெரா’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் அந்த ரியல் எஸ்டேட் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வீடு வாங்குவோரிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தை பில்டர் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது என்று ஒரு பொறியாளர், ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு ஆடிட்டர் ஆகிய மூவரும் சான்று தர வேண்டும். ஆடிட்டர் பொய்ச்சான்று கொடுத்தால் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே அடித்துவிடலாம். ஆர்க்கிடெக்டுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் ஒரு கவுன்சிலும் உண்டு. பொறியாளருக்கு மட்டும் நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் இல்லை. கட்டடம் நிற்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவரோ மூவரில் அவர்தான்.

பட்டம் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். பட்டம் என்பது ஒருவர் என்ன படித்தார் என்பதற்கான அத்தாட்சி. அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை அது சொல்லாது. ‘சார்ட்டர்டு இன்ஜினியர்’ என்ற அடைமொழி, விருப்பப்பட்டுச் சேரும் சங்கம் தருவது. அதை இழந்தாலும் தொழிலைத் தொடரலாம். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர் என்று தனித்தனியே வகுத்திருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அது கட்டட அனுமதிக்காக அரசு வைத்திருக்கும் பட்டியல். சக பொறியாளர்கள் உட்கார்ந்து, “இவர் தொழில் தர்மத்தை மீறினார், இனி இந்தத் தொழிலே செய்யக் கூடாது” என்று தீர்ப்புச் சொல்லும் இடம் அது அல்ல.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. பொறியாளருக்குச் சம்பளம் தருபவர் ஒருவர்; பொறியாளர் தவறினால் சாவது வேறு யாரோ. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் தமிழக மாவட்டங்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்கும் நிலையில் அவர்களில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் பாதுகாப்பற்றது என்று 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. “முதலாளி, இந்தத் தூண் தாங்காது, நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் மட்டும் போதாது. போட்டால் என் உரிமம் போய்விடும் என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடிமானமும் வேண்டும். உரிமம் பொறியாளரைக் கட்டிப்போடுகிறது என்பார்கள். என் கணக்கில், அவருக்கு மறுக்கும் உரிமையைக் கொடுப்பதே அதுதான்.

தரைக்கு மேலே இருப்பதையாவது கண்ணால் பார்க்கலாம். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு மண்ணியல் வல்லுநரின் வார்த்தைதான் சாட்சி. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னகைட் பாறை. சில கிலோமீட்டர் தள்ளிப் பள்ளிக்கரணையில் சதுப்பு. அப்படிப்பட்ட ஊரில் பக்கத்து மனையின் சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றி வாங்கிக்கொள்வது, அடுத்த வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனையை வைத்து மருந்து சாப்பிடுவதைப் போன்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2014 ஆகஸ்ட் 4 அன்று மவுண்ட் பாலி சுரங்கக் கழிவு அணை உடைந்து, சுமார் 2.5 கோடி கன மீட்டர் கழிவும் நீரும் ஏரிகளில் கலந்தன. அடித்தளத்துக்குக் கீழே, பழைய பனிக்காலத்து ஏரியில் படிந்த வலுவற்ற களிமண் அடுக்கு ஒன்று இருந்ததை யாரும் சரிவரக் கண்டறியவில்லை என்றது நிபுணர் குழு. பொறியாளர்களுக்கும் புவி அறிவியலாளர்களுக்கும் உரிமம் தரும் அந்த மாகாண அமைப்பு, 2022இல் மூன்று பொறியாளர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. நடந்தது ‘நிறுவனத்தின் தவறு’ என்பதோடு கதை முடியவில்லை. தனி மனிதர்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதே கனடாவை வைத்தே, உரிமம் வேண்டும் என்ற இந்த வாதத்தை மறுக்கவும் முடியும். ஒன்டாரியோவின் எலியட் லேக் நகரில் 2012 ஜூன் 23 அன்று ஒரு வணிக வளாகத்தின் மேல்தள வாகன நிறுத்தம் இடிந்து 2 பேர் இறந்தார்கள். பல்லாண்டுகளாக ஒழுகிய தண்ணீர் இரும்பை அரித்திருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு பொறியாளர் பார்வையிட்டு, கட்டமைப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது அவரிடம் செல்லுபடியாகும் உரிமமே இல்லை. உரிமையாளர் கேட்டதற்காக அறிக்கையைத் திருத்தினார் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ கவுன்சிலே குற்றச்சாட்டுகளில் சிக்கிக் கலைக்கப்பட்டு, 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. இன்னொரு கவுன்சில் இன்னொரு வசூல் கவுண்டராகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் எலியட் லேக்கில் தோற்றது உரிமம் அல்ல, அதைச் சரிபார்க்காத பழக்கம். யார் நீக்கப்பட்டார் என்பதைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பதிவேடும், பொறியாளர் அல்லாதவர்களும் உட்காரும் ஒழுங்குக் குழுவும் இல்லாத கவுன்சில் எனக்கும் வேண்டாம்.

அப்படியொரு சட்டம் வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டியதுதான். வீடு வாங்குமுன் கட்டமைப்பு வரைபடத்தில் யார் பெயர் இருக்கிறது, அவர் பதிவு எண் என்ன, அவரே சைட்டுக்கு வந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். மண் பரிசோதனை அறிக்கையில் உங்கள் மனையின் சர்வே எண், துளையிட்ட இடம், ஆழம், தேதி நான்கும் இருக்க வேண்டும். ரெரா பொருந்தும் திட்டமானால், சுவாதீனம் பெற்ற நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், புகார் சொன்ன 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். மேஸ்திரியை வைத்துச் சொந்தமாகக் கட்டுபவருக்கு இந்தக் கவசம் இல்லை. ஆனாலும் அவர், காசு வாங்கிக்கொண்டு வேலை செய்த கான்ட்ராக்டரையும் பொறியாளரையும், சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாம். அதற்குக் காலக்கெடு 2 ஆண்டு. சுவரில் சாய்வாக விரிசல் ஓடினால் பூசி மறைக்குமுன் தேதியோடு படம் எடுத்து, புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.