வீட்டுக் கடனும் வீடு அமையும் இடமும்

வீடு கட்டக் கடன் வேண்டிச் சங்கத்தை நாடி வரும் அங்கத்தினர் முதலிற் கேட்பது, “எவ்வளவு கிடைக்கும்?” என்பதே. ஆயினும் வீடு எங்கே அமைகிறது, தவணை எந்த மாதத்தில் விழுகிறது என்னும் இரண்டும் தொகையைக் காட்டிலும் முக்கியமானவை என்பது நம் அபிப்பிராயம். ஆராய்ச்சியாளர் கண்ட முடிவுகளும் இதற்கு அரண் செய்கின்றன.

அகமதாபாத் நகரில் 1987-ஆம் ஆண்டு, பீடித் தொழிலில் ஈடுபட்ட ஏழைப் பெண்களுக்கென நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் 110 வீடுகள் சலுகைத் தவணையில் அளிக்கப்பட்டன. வேண்டியவர் 497 பேர்; ஆதலால் குலுக்கல் நடந்தது. குலுக்கலில் வென்றோரும் தோற்றோரும் அதற்கு முன் ஒரே நிலையினர். எனவே பின்னர்த் தோன்றிய வேற்றுமைக்கு அந்த வீடே காரணம் என்று துணியலாம். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நிலைமை என்ன? பார்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே ஆகிய மூவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வென்றோருக்கு நல்ல வீடு கிடைத்தது மெய்யே. ஆனால் குடும்ப வருமானம் உயரவில்லை, பிள்ளைகளின் நிலையும் மாறவில்லை. நூற்றுக்கு 34 பேர் அவ்வீட்டில் குடியேறவே இல்லை. மேலும் 32 பேர் குடியேறிய பின் விட்டு நீங்கினர். உற்றார் உறவினரை விட்டு விலகியதால், ஆபத்துக் காலத்தில் கைமாற்றுத் தருவார் குறைந்தனர்.

இதனை நம் பக்கத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டிபட்டி, சக்கம்பட்டி வட்டார நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். தறிக்குழிக்கு இடமும், தெருவிலே பாவு நீட்ட வசதியும் இல்லாத வீடு எவ்வளவு அழகாயிருந்தும் பயனென்ன? வங்காள தேசத்துக் கிராமீன் வங்கி 1984-இல் வீட்டுக் கடன் தொடங்க முனைந்தபோது, வீடு உற்பத்திக்கு உதவாது என்று மேலிடம் தடை கூறியதாம். எங்கள் பெண்கள் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறார்கள், ஆகவே வீடுதான் அவர்களுடைய தொழிற்சாலை என்று வாதாடியதாக அவ்வங்கியை நிறுவிய யூனுஸ் எழுதியிருக்கிறார். மனை பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அங்கு உண்டு. நாமும் மேற்கொள்ளத்தக்க நிபந்தனை அது.

ஏல மலையில் வேலை செய்வோர் நிலை வேறு. தோட்ட முதலாளி வீடு தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் லயத்து வீடு வேலையோடு வந்து வேலையோடு போவது. முப்பது ஆண்டு காய் பறித்தவர் ஓய்வு பெறும் நாளில் சொந்தக் கூரை இல்லாமல் மலையிறங்குகிறார். அவருக்குப் போடியிலோ அடிவாரத்துக் கிராமங்களிலோ மனை வேண்டும். விடியற்காலை போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பைப் பிடிக்கும் தொலைவில் இருந்தால்தான் பிள்ளைகளும் வேலைக்குப் போய்வர முடியும்.

இனிக் கணக்கு. நூற்றுக்கு 9 வட்டியில் ஒரு லட்ச ரூபாய் வாங்கினால், 15 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 1,014 ரூபாய். 10 ஆண்டாயின் 1,267. மாதம் 253 ரூபாய் கூடுதலாகக் கட்டுபவருக்கு மொத்த வட்டியில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சும். முதல் மாதத்து 1,014 ரூபாயில் 750 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 264 மட்டுமே. இதை மனுதாரருக்கு முன்னரே எழுதிக் காட்டவேண்டும்.

ஏலக்காய் ஆடி ஆவணியில் தொடங்கித் தை வரை பறிப்புக்கு வரும். பங்குனி, சித்திரையில் கையில் காசு அருகும். 2024 கோடை வறட்சியில் செடிகளே கருகின. மாதந்தோறும் ஒரே தொகை என்றால், கோடைத் தவணையைத் தண்டல்காரனிடம் வாங்கித்தான் கட்டுவார்கள். தவணையைத் தளர்த்தினால் போதுமா? கொல்கத்தாவில் சிறு கடன்காரர் சிலருக்கு முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் கழித்துக் கேட்டனர். அவர்கள் தொழிலில் அதிகம் முதலிட்டு, அதிக லாபமும் கண்டனர் என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கடன் தவறியோரும் அவர்களிடையேதான் அதிகம் என்பதையும் அதுவே கூறுகிறது. ஆகவே காய் வரும் மாதங்களில் பெருந்தவணை, கோடையில் வட்டி மட்டும், அதனுடன் அறுவடைக் காலத்தில் கட்டாயச் சேமிப்பு என்ற ஏற்பாடு பொருந்தும்.

கடன் மனுவோடு பட்டாவும் வில்லங்கச் சான்றும் கேட்கிறோம். பன்னிரண்டு மாத வருமானத்தை மாதவாரியாக எழுதிய தாள் ஒன்றையும் சேர்த்துக் கேட்டுப் பெற்று, அதன் பின்னரே தவணைப் பட்டியலைத் தயாரிப்பது நலம்.