பார்சல் மேஜையில் யார் நிற்கிறார்?

கல்லாவுக்கு அப்பால் – 11

"சட்னி வைக்கவில்லை." "சாம்பார் கவரிலேயே கொட்டிவிட்டது." "கேட்டது ரவா தோசை, வந்தது சாதா தோசை."

உங்கள் ஊரில் ஏதாவது ஓர் ஓட்டலின் பெயரை உணவு டெலிவரி செயலியில் தட்டி, ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் படித்துப் பாருங்கள். ருசியைக் குறை சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்று புகார்களும் இல்லாத கடை அபூர்வம். மாஸ்டர் விடிகாலையில் எழுந்து பக்குவமாகச் செய்த பண்டம், அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள பத்தடியில் கெட்டுப்போகிறது. அந்தப் பத்தடியில்தான் பார்சல் மேஜை இருக்கிறது.

விளம்பரத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்கும் உரிமையாளர்களிடம், அந்த மேஜையில் யார் நிற்கிறார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில், புதிதாகச் சேர்ந்த பையன் என்பதே. அனுபவமுள்ள சப்ளையர் ஹாலில் இருப்பார். தேர்ந்த கை அடுப்படியில் இருக்கும். வேறெங்கும் சேர்க்க முடியாதவரைப் பார்சலுக்கு அனுப்பியிருப்பார்கள். இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. ஹாலில் சட்னி தீர்ந்தால் வாடிக்கையாளர் கையை உயர்த்திக் கேட்டுவிடுவார். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தவர் கேட்க ஆளில்லாமல் செயலியில் எழுதுவார், அடுத்த முறை வேறு கடையைத் தட்டுவார்.

மெனுவிலிருந்து தொடங்குவோம். நம் பலகாரங்களில் பாதி, அரை மணி நேரப் பயணத்துக்காகப் பிறந்தவை அல்ல. மொறுமொறு நெய் ரோஸ்ட்டை மூடிய டப்பாவில் அடைத்தால், அதன் ஆவியே அதை ஈரமாக்கித் துவளவைக்கும். பூரி வண்டியிலேயே அமுங்கிவிடும். பொங்கல் ஆற ஆற இறுகும் என்பதால், பார்சலுக்கு எடுப்பதைக் கொஞ்சம் தளர்வாகக் கிளற வேண்டும். சாம்பார் வடையை ஊறவைத்தே அனுப்பினால் போய்ச் சேர்வது கூழ். வடையும் சாம்பாரும் தனித்தனியாகப் போகட்டும். மீல்ஸில் அப்பளத்தைச் சாதத்தின் மேல் வைத்து மூடும் கடைகளை இன்னும் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. மாறாக இட்லி, இடியாப்பம், சால்னா தனியாகக் கட்டிய பரோட்டா இவையெல்லாம் பயணத்தைத் தாங்கும். பிரியாணிக்கோ மூடிவைப்பது நல்லது, உள்ளே சுழலும் ஆவியில் அது இன்னும் பதமாகும். ஸ்விக்கி ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் பிரியாணி விடாமல் முதலிடம் பிடிப்பதற்கு ருசி மட்டுமல்ல, இந்தத் தாங்கும் குணமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே கடை மெனுவை அப்படியே செயலியில் ஏற்றாதீர்கள். எண்பது அயிட்டம் இருக்கும் கடை இருபத்தைந்தை ஏற்றினால் போதும். ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் பார்சல் கட்டி, அரை மணி நேரம் வண்டிப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு நீங்களே பிரித்துச் சாப்பிடுங்கள். உங்களுக்கே பிடிக்காத எதையும் விற்கக் கூடாது. தோசையை விடவே முடியாது என்றால், மூடியில் துளையுள்ள அட்டைப் பெட்டியும் உள்ளே இலைத் துண்டும் ஓரளவு கைகொடுக்கும். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றும் பழக்கம் ஒழிய வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. தூக்குவாளி கொண்டுவருகிறவருக்கு ஐந்து ரூபாய் குறையுங்கள். நீங்கள் மிச்சம் பிடித்த டப்பாக் காசுதான் அது. அவரும் அதை நாலு பேரிடம் சொல்வார்.

அடுத்தது ஆள். இன்று பல ஓட்டல்களில் பார்சல் கட்டுகிறவர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருப்பார். தமிழில் அச்சான பில்லை அவரிடம் நீட்டி, சரியாகக் கட்டு என்று அதட்டினால் என்ன பயன்? மேஜைக்கு எதிர்ச் சுவரில் படங்களை ஒட்டுங்கள். ஒரு செட் இட்லி என்றால் எத்தனை சட்னி, எத்தனை சாம்பார் என்று புகைப்படமாகவே இருக்கட்டும். தேங்காய்ச் சட்னிக்கு வெள்ளை ஸ்டிக்கர், காரச் சட்னிக்குச் சிவப்பு. ஒருவர் பில்லை உரக்கப் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே பைக்குள் வைக்க வேண்டும். கடைசிப் பொருள் உள்ளே போன பிறகுதான் பையை ஒட்ட வேண்டும். ஒரு வாரம் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் பழக்கம் படிந்துவிடும். அந்த ஒரு வாரம் உரிமையாளரே நின்றால் இன்னும் நல்லது.

சுத்தத்தைப் பற்றிய பயிற்சியை ஒரு நாள் சடங்காக முடித்துக்கொள்ளக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் ஃபோஸ்டாக் பயிற்சித் திட்டம், 25 பணியாளர்களுக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒருவர் கற்றதை மற்றவர்களுக்குத் தினமும் சொல்ல வேண்டும். முக்கியமானது வெப்பம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நெரிசல் நேரத்தில் கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று மாலையிலேயே சட்னியைப் பொட்டலம் கட்டி மேஜையில் அடுக்கிவைக்கும் வழக்கம் ஆபத்தானது. தேங்காய்ச் சட்னி காத்திருக்காது.

பார்சல்காரருக்கு ஒரு சிறு அதிகாரமும் வேண்டும். சட்னி வரவில்லை என்று போன் வந்தால், முதலாளியைத் தேடி ஓடாமல், நூறு ரூபாய் வரைக்கும் அவரே முடிவெடுத்து மாற்றி அனுப்பலாம் என்று சொல்லிவையுங்கள். தவறு நடந்தால் வாடிக்கையாளர் முன்னால் அவரைத் திட்டாதீர்கள். கூலியிலும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். செயலியில் விளம்பரத்துக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கு இவருக்குப் போனால், பலன் இரட்டிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே மேஜையின் மறுபக்கம் வெயிலில் நிற்கும் டெலிவரி தம்பியையும் நினையுங்கள். வீட்டு வாசலில் உங்கள் கடையின் முகம் அவர்தான். 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் இந்தத் தொழிலாளர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறைகளைத் திறந்தது. ஒரு நாற்காலியும் ஒரு பானைத் தண்ணீரும் நம்மால் வைக்க முடியாதா? கழிப்பறை எங்கே என்று கேட்டால் முகம் சுளிக்காமல் காட்ட முடியாதா? இதை வியாபார உத்தியாகச் சொல்லவில்லை. சோறு போடும் தொழிலில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. 300 ரூபாய் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடை தரும் தள்ளுபடி 30 ரூபாய், மீதம் 270. செயலிக்குக் கமிஷன் 25 சதவீதம் என்று வையுங்கள், 67.50 போகும். கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 12.15. ஓட்டல் பில்லுக்கு 5 சதவீத வரி போடும் கடைகளுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது என்பதால், இந்தப் பன்னிரண்டு ரூபாய் திரும்பி வராது. டப்பாவுக்கும் பைக்கும் 15. சரக்குச் செலவு 105. கையில் நிற்பது சுமார் 70 ரூபாய். இதே உணவை ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் 195 நின்றிருக்கும். வாடகை, சம்பளம், கேஸ், கரண்ட் எல்லாம் இதிலிருந்துதான். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்களைப் போட்டு ஒரு தாளில் இதைக் கட்டாயம் எழுதிப் பாருங்கள்.

அந்த 70 ரூபாய் நஷ்டமா என்றால், நேரத்தைப் பொறுத்தது. மாலை நாலு மணிக்கு மாஸ்டர் சும்மா நிற்கிறார், வாடகை எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது வரும் 70 லாபம். இரவு எட்டரைக்குத் தோசைக்கல் நிறைந்திருக்கிறது, ஹாலில் குடும்பங்கள் காத்திருக்கின்றன. அப்போது அந்த ஆர்டர் 195 ரூபாய் ஆர்டரின் இடத்தைப் பிடிக்கிறது. எனவே நெரிசல் நேரத்தில் கல்லில் வார்க்க வேண்டியவற்றைச் செயலியில் 'இல்லை' என்று மாற்றிவிட்டு, இட்லியும் இடியாப்பமும் பிரியாணியும் மட்டும் ஓடவிடுங்கள். தள்ளுபடியையும் மாலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கமிஷன் பிரச்சினை ஒரு கடையின் பிரச்சினை மட்டுமல்ல. தேசிய உணவக உரிமையாளர்கள் சங்கத்தின் புகாரை ஏற்று, ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டின் மீதும் விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. கமிஷன் தாங்கவில்லை என்று நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் 2025 ஜூலை முதல் இவ்விரண்டு செயலிகளுக்கும் உணவு தருவதில்லை என்று அறிவித்தார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் எல்லா ஊரிலும் எல்லாக் கடைக்கும் அந்த வழி ஒத்துவராது. புதிதாகக் குடிவந்தவருக்கும் வெளியூர்க்காரருக்கும் உங்கள் கடை இருப்பதே செயலி வழியாகத்தான் தெரியும். அந்த முதல் ஆர்டருக்குக் கமிஷன் கொடுக்கலாம். மூன்று தெரு தள்ளி வாரம் இரண்டு முறை வாங்குகிறவருக்கும் காலமெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் வலிக்க வேண்டும்.

அவருக்குத் தனி வழி போடுங்கள். கடையின் எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். மெனுவை அதிலேயே படத்தோடு வைக்கலாம், பணம் யுபிஐயில் வரும். இரண்டு கிலோமீட்டர் சுற்றுக்குள், மாலை ஆறு முதல் ஒன்பது வரை, சொந்தமாக ஒரே ஒரு வண்டி. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தினமும் "காலை வணக்கம்" படம் அனுப்பினால் எண்ணைத் தடைசெய்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை, மறுநாளின் சிறப்பு என்ன என்று ஒரே ஒரு வரி போதும். கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையின் நேரம், போன் எண், தீபாவளி விடுமுறை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். வாரம் ஒரு நாள் புகார்களை எடுத்துவைத்துக்கொண்டு, பார்சல் மேஜைக்காரரோடு உட்கார்ந்து படியுங்கள். அவருக்குப் புரியும் மொழியில்.

(தொடரும்)